வரிசையில் நின்ற வாளி

எனக்கு எழுத வராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூட்டத்தில் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வேர்த்துவிடும். பெண்கள் சங்கத்து மலருக்கு என் பாரிஸ் பயணத்தை எழுதித் தரச் சொன்னபோது, எழுதுவதென்றால் முகத்தைக் காட்ட வேண்டியதில்லையே என்றுதான் ஒத்துக்கொண்டேன். மறதியும் இருக்கிறது. முன்னால் நடந்தது பின்னால் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கோபுரத்தைப் பார்த்தாயா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பார்க்கவில்லை. ரயிலில் போகும்போது மருமகன் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார், ஆனால் அன்று ஒரே மூட்டமாக இருந்தது. நான் கோபுரம் பார்க்கப் போகவில்லை. எதற்குப் போனேன் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறீர்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் மகன் ரிஸ்வி கட்டாரில், டோகாவில், கட்டட வேலை செய்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பதாம் மாடியிலிருந்து விழுந்து மவுத்தானான். அவனுடைய கம்பனி தொழிலாளர்களுக்குத் தக்காஃபுல் எடுத்திருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது வட்டி இல்லாத இஸ்லாமியக் காப்புறுதி. எல்லோரும் ஒரு பொதுப் பெட்டியில் நன்கொடை மாதிரிப் போடுவார்கள். ஒருவருக்கு ஆபத்து வந்தால் அந்தப் பெட்டியிலிருந்து அவர் வீட்டுக்குக் கொடுப்பார்கள். "ஒருத்தரை ஒருத்தர் தாங்குறது உம்மா" என்று ரிஸ்வி போனில் சொல்லியிருந்தான்.

கோரிக்கையை அனுப்பினோம். ஒன்றரை வருசம் கழித்து மறுப்பு வந்தது. அன்று விடுமுறை, அங்கே வேலை எதுவும் நடக்கவில்லை, ஆகவே அவர் தானாக மேலே போய்க் குதித்திருக்கிறார் என்று கம்பனி எழுதிக் கொடுத்ததாம். குதித்தவருக்குப் பொதுப் பெட்டியில் பங்கில்லை என்றார்கள். பங்கை விடுங்கள். பிள்ளை குதித்தான் என்ற சொல்லை ஒரு தாய் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? ஜனாஸா தொழுகை எல்லாம் முறையாக நடந்தது. ஆனாலும் அவன் பெண் பிள்ளைகள் ஓதப்போகும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "உங்கட வாப்பா ஏன் பாய்ஞ்சவர்?"

கொழும்பிலுள்ள தக்காஃபுல் முகவர் அலுவலகத்துக்கு நானும் ரிஸ்வியின் மனைவி பர்வினும் போய்ப் போய் வந்தோம். கடைசியில் அங்கிருந்த அதிகாரி ஒரு வழி சொன்னார். அன்று வேலை நடந்ததைக் கண்ணால் கண்ட ஒருவர், தன் அடையாள அட்டையின் பிரதியோடு கையெழுத்துப் போட்டுத் தந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார். ரிஸ்வியோடு ஒரே அறையில் இருந்த வடக்குத் தம்பி ஒருவன் இருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. பிறகு பாரிஸிலிருக்கும் என் மகள் நஸ்ரின் ஒரு நாள் போன் எடுத்து, "உம்மா, அவரைக் கண்டுட்டன். லா சப்பலில ஒரு சாப்பாட்டுக் கடையில நிக்கிறார்" என்றாள். அதற்காகத்தான் போனேன். அது இரண்டாயிரத்துப் பதினாறு, நவம்பர் மாதம்.

கொழும்பிலிருந்து பாரிஸுக்கு மருமகன் எடுத்துத் தந்த டிக்கெட் டோகா வழியாகப் போவது. மலிவாகக் கிடைத்தது அதுதானாம். விமானத்தில் எனக்குப் பக்கத்தில் காத்தான்குடிப் பிள்ளை ஒருவன். லீவு முடிந்து டோகாவுக்கே திரும்பிப் போகிறான்.

"என்ன வேல மகன்?"

"கம்பி கட்டுற, உம்மா."

"உசரத்திலயா?"

"கட்டடம் எங்க போகுதோ அங்க நாங்களும் போறதான்."

"தக்காஃபுல் போட்டிருக்கா?"

அவன் சிரித்தான். "கம்பனி போட்டிருக்காம். மவுத்தானாத்தான் அது உண்மையா பொய்யான்னு தெரியும். அப்ப பாக்கிறத்துக்கு நான் இருக்கமாட்டன்."

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? விமானம் இறங்கும்போது ஜன்னலுக்கு வெளியே கட்டடங்களும் பாரந்தூக்கிகளும் தெரிந்தன. அவன் ஒவ்வொன்றாகக் காட்ட வந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஊர் விமான நிலையத்தில் நாலு மணித்தியாலம் ஒரு கதிரையில் இருந்தேன். என் பிள்ளை விழுந்த ஊர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெளியே போக எனக்கு விசா இல்லை.

பாரிஸில் இறங்கியபோது குளிர் பல்லுக்குள் புகுந்தது. மருமகன் ஹாஜா காரைக்கால்காரர், பிரெஞ்சுப் பிரஜை, விமான நிலையத்திலேயே வேலை. "மாமி, இந்தக் கோட்ட மாட்டிக்கிங்க. இது சும்மா ஆரம்பம், குளிரு இன்னும் வரல" என்றார். செவ்ரானில் அவர்கள் வீடு. ரயிலில் மூன்று நிறுத்தம், பன்னிரண்டு கிலோமீட்டர் வரும் என்றார். ஆறாம் மாடி. மின்தூக்கி பழுதாகிக் கிடந்தது. படியேறும்போது நான் ஒவ்வொரு மாடியாக எண்ணினேன். இன்னும் மூன்று மாடி ஏறினால் அவன் நின்ற உயரம். அன்றைக்கு அந்த வீட்டு ஜன்னல் பக்கம் நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை நஸ்ரின் என்னை லா சப்பலுக்குக் கூட்டிப் போனாள். செவ்ரானிலிருந்து வடக்கு ரயில் நிலையத்துக்கு இருபது நிமிடம். நிலையத்துக்கு வெளியே வந்து ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் மேல்பக்கமாக நடந்தால் தமிழ் எழுத்துத் தொடங்கிவிடுகிறது. நகைக்கடை, சாறிக்கடை, போன் அட்டைக் கடை, மரக்கறிக் கடை. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெத்ரோ ஓடுகிறது. கீழே நம் பேச்சு. இருபத்தாறு வருசத்துக்கு முன் இயக்கம் முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட பிறகு, அத்தனை பேர் ஒன்றாக அந்தப் பேச்சைப் பேசி நான் கேட்டதில்லை. காது அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. மனம் தள்ளியே நின்றது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கடை வாசலில் முருங்கைக்காய் கிலோ ஒன்பது யூரோ என்று எழுதியிருந்தது. ஒரு பெண் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது யூரோவோ? உதென்ன, தங்கமோ?"

"தங்கமெண்டா அடகு வைக்கலாம் அக்கா. இது நாளைக்கு வாடிப்போம். இண்டைக்கே வாங்குங்கோ."

அவள் வைதுகொண்டே அரைக் கிலோ வாங்கினாள்.

சாப்பாட்டுக் கடை சின்னது. தேநீர் ஒன்றரை யூரோ, வடை ஒரு யூரோ. நஸ்ரின் கல்லாவில் இருந்த முதலாளியிடம் ஆளைக் கேட்டாள். அவர் சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தம் வைத்தார்.

"டேய், உன்னைப் பாக்க ஆக்கள் வந்திருக்கினம். மாப்பிளை பாக்கவோ தெரியேல்லை!"

உள்ளிருந்து இன்னொரு குரல்: "அவருக்குப் பொம்பிளை இருக்கண்ணை. எனக்கெண்டால் இருக்கச் சொல்லுங்கோ, முகம் கழுவிக்கொண்டு வாறன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கையைத் துடைத்தபடி வெளியே வந்தான். மெலிந்த உடம்பு, நெற்றியில் மாப்பொடி. நஸ்ரின் வாயெடுக்கும் முன்பே என்னைப் பார்த்து, "உம்மா" என்றான். ரிஸ்வி என்னோடு பேசி முடிந்தபின் போனை அவனிடம் கொடுப்பான். "சாப்பிட்டியளோ உம்மா" என்று கேட்ட குரல் அதுதான்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "உனக்கெப்பிடியடா உம்மா? நீ கிளிநொச்சிப் பெடியனெல்லே? எங்கை பழக்கம்?"

அவன் முகம் மாறிவிட்டது. "ஊரிலை தெரிஞ்ச ஆக்கள் அண்ணை" என்றான். பிறகு என் பக்கம் குனிந்து மெல்ல, "இஞ்சை கதைக்கவேண்டாம் உம்மா. திங்கக்கிழமை எனக்கு லீவு. அறைக்கு வாங்கோ" என்றான். தேநீருக்குக் காசு வாங்க விடவில்லை. ஒரு பெட்டியில் ஆறு வடை வைத்துத் தந்தான். டோகா என்ற சொல்லை அவன் ஒரு தரமும் சொல்லவில்லை என்பது ரயிலில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

சனியும் ஞாயிறும் மழை. நஸ்ரின், சாட்சிக் கடிதம் பிரெஞ்சில் எப்படி எழுதுவது, அதை எந்த அலுவலகத்தில் உறுதிப்படுத்துவது என்று ஹாஜாவிடம் கேட்டு வைத்தாள். "கார்த் பிரதி இல்லாம அந்தக் கடுதாசி செல்லாது" என்றார் அவர். கார்த் என்றால் அங்கே இருக்க அரசாங்கம் கொடுக்கும் அட்டை. அந்த இரண்டு நாளும் எனக்கு நம்பிக்கை இருந்தது. அந்தப் பயணத்தில் அப்படி இருந்தது அந்த இரண்டு நாள் மட்டும்தான்.

திங்கட்கிழமை. லா சப்பலிலிருந்து மார்க்ஸ் டோர்மோய் பத்து நிமிட நடை. பழைய கட்டடத்தில் அவன் அறை. மூன்று பேர் சேர்ந்து இருக்கிறார்கள், மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். எனக்கு இருந்த ஒரே கதிரையைத் தந்தான். நஸ்ரின் கட்டிலில் இருந்தாள். அவன் நின்றுகொண்டே பேசினான்.

"அண்டைக்கு வேலை நடந்தது உம்மா. வெள்ளியிலை வேலை வாங்கக்கூடாது எண்டு சட்டம், அதாலை பேர் பதியாமல் எங்களை ஏத்தினவங்கள். காத்து அடிக்குது, மேலை கிடக்கிற தகடுகளைக் கட்டிப்போட்டு இறங்குங்கோ எண்டு மேற்பார்வைக்காரன் சொன்னவன். ரிஸ்வி, ஜும்மாத் தொழுகைக்கு முன்னம் முடிச்சுப்போட்டு ஓடுவம் எண்டான். ஒரு தகடு கிளம்பிச்சுது. இவன் பிடிச்சவன். விடடா, விடடா எண்டு கத்தினன். கீழை ஆக்கள் நிக்கினம் எண்டு அவன் விடேல்லை. காத்து தகட்டோடை சேர்த்து..."

பிறகு வேறொன்று சொன்னான்.

"வெள்ளியிலை நாங்கள் தங்கியிருந்த காம்பிலை குளிக்கிறதுக்குப் பெரிய வரிசை. அறுவது பேருக்கு நாலு பைப். எல்லாரும் வாளியைத்தான் வரிசையிலை வைக்கிறது. அண்டைக்கு ரிஸ்வி வேலைக்கு ஏற முன்னமே தன்ர வாளியை வைச்சிட்டுத்தான் வந்தவன். நீல வாளி, பிடி அறுந்து கயிறு கட்டினது. உள்ளுக்கை சவர்க்காரமும் ஜும்மாவுக்குப் போடுற வெள்ளைச் சட்டையும். நான் ஆஸ்பத்திரியாலை வரேக்கை பின்னேரம். எல்லாரும் குளிச்சு முடிச்சிட்டினம். அந்த வாளி மட்டும் அங்கையே நிண்டது. ஒருத்தரும் அதைத் தள்ளி வைக்கேல்லை உம்மா."

இதை வாசிக்கும் பெண்களே, இந்த இடம் பாரிஸில் இருப்பவர்களுக்கு விளங்காது, கொழும்பு அதிகாரிக்கும் விளங்காது. உங்களுக்கு விளங்கும். தொண்ணூறில் புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்தபோது, தண்ணீர் பவுசர் வண்டி வரும் முன்பு நாம் எல்லோரும் என்ன செய்தோம்? வாளியை வரிசையில் வைத்துவிட்டு அடுப்புக்குப் போனோம். அந்த வாளியை ஒருவரும் தொட மாட்டார்கள். வாளி நின்றால் ஆள் திரும்பி வருவார் என்று அர்த்தம். ரிஸ்வி அப்போது ஆறு வயதுப் பிள்ளை. எங்கள் வாளியை அவன்தான் கொண்டுபோய் வைப்பான். குதிக்கப் போகிறவன் வாளி வைத்துவிட்டுப் போவானா?

நஸ்ரின் அழுதுகொண்டே கேட்டாள். "அண்ணன், இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. வேற ஒண்டும் வேணாம்."

அவன் தரையைப் பார்த்தான். "நான் டோகாவிலை இருக்கேல்லை, தங்கச்சி."

எங்களுக்கு விளங்கவில்லை.

"பேப்பரிலை இருக்கேல்லை. இஞ்சை வந்து அகதிக் கேஸ் எழுதேக்கை, வன்னியிலை நடந்ததெல்லாம் உள்ளபடிதான் சொன்னன். தம்பி செத்தது, முள்ளுக்கம்பி முகாமுக்குள்ளை கிடந்தது எல்லாம் உண்மை. ஆனா கேஸ் எழுதினவர், டோகாவை வெட்டு எண்டிட்டார். பாஸ்போட் எடுத்து ஒழுங்கா பிளேன் ஏறி வேலைக்குப் போனவனுக்கு என்ன ஆபத்து எண்டு கேப்பாங்களாம். அதாலை அந்த வருசங்கள் முழுக்க ஊரிலை ஒளிச்சுத் திரிஞ்சன் எண்டு எழுதினது. அப்பிடித்தான் கார்த் கிடைச்சது. இப்ப கட்டாரிலை கண்டன் எண்டு கார்த்தையும் வைச்சுக் கையெழுத்துப் போட்டால்..."

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஊரிலிருந்து மனைவி. அவசரத்தில் சத்தம் வெளியே கேட்கும்படி அழுத்திவிட்டான்.

"என்னப்பா, எங்கட விசா அலுவல் என்ன மாதிரி? இவள் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள், அப்பாட்டைப் போறன் எண்டு. பனிக்குச் சப்பாத்து வாங்கட்டோ எண்டு நிண்டு கரைச்சல்."

"பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான். மேசையிலிருந்த பேனாவை எடுத்தான்.

"நீங்கள் போடு எண்டு சொல்லுங்கோ உம்மா, நான் போடுறன். ரிஸ்வி எனக்கு ஒரு மாசம் சாப்பாடு தந்தவன். நீங்கள் சொன்னால் காணும்."

எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் நான் திட்டிவிட்டு வந்திருப்பேன். என்னிடம் விட்டுவிட்டான். பேப்பரில் என் மகன் குதித்தான். பேப்பரில் இந்தப் பிள்ளை அங்கே இல்லவே இல்லை. ஒரு பேப்பரைத் திருத்தினால் மற்றது கிழியும். ஒருத்தரை ஒருத்தர் தாங்குவது என்று ரிஸ்வி சொன்னான். ஒருவன் முதுகை முறித்து மற்றவனைத் தாங்கச் சொன்னானா? எனக்குப் படிப்பில்லை, யோசித்து யோசித்துத் தலை வலித்தது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வேணாம் மகன். பேனாவ வைங்க."

அவன் பேனாவை வைத்தான். அவ்வளவு வேகமாக வைத்தான். அதை நான் பார்த்தேன். அதற்காக அவனை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

திரும்பும் ரயிலில் நஸ்ரின் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு சொன்னாள்: "போடுறன் எண்டவரை வேணாம் எண்டீங்க. ரிஸ்வி நானாட பேரை விட அவர்ட கேஸ் பெருசாப் போச்சு."

"அந்தப் பிள்ளைட பிள்ளை சப்பாத்துக் கேக்குது."

"ரிஸ்வி நானாட பிள்ளையள் வாப்பாவைக் கேக்குதுகள் உம்மா."

செவ்ரானில் இறங்கும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். கோபத்தில் சொன்னதுதான், பிறகு மன்னிப்புக் கேட்டாள். "கையெழுத்துப் போட ஏலாதவர், உங்கட மனசு ஆறட்டும் எண்டு ஒரு கதை சொல்லியிருக்கலாம்." அந்தச் சொல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. இரவில் வாளியை நம்புகிறேன், விடிந்தால் சந்தேகம் வருகிறது. வாளியை இட்டுக்கட்டிச் சொல்ல அவனுக்கு எப்படி வரும், எங்கள் வீட்டு வாளியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று நினைப்பேன். உடனே, ரிஸ்வியே அவனிடம் சொல்லியிருப்பானே என்றும் வரும்.

மிச்ச நாளெல்லாம் வீட்டுக்குள் இருந்தேன். ஹாஜா நல்ல மனிதர். "மாமி, ஒரு நாளு அந்தப் பெரிய கோபுரத்துக்குப் போயிட்டு வருவோமா? வந்ததுக்குப் பாக்கலன்னா ஊருல சிரிப்பாங்க" என்று கேட்டார். உயரமான எதையும் பார்க்கப் போக எனக்கு மனம் வரவில்லை. புறப்படும் நாள் அந்தத் தம்பி விமான நிலையத்துக்கு வந்தான். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ரிஸ்வியின் பிள்ளைகளுக்கு என்று இரண்டு குளிர்ச் சட்டை தந்தான். புத்தளத்து வெயிலுக்கு! நஸ்ரின்கூடச் சிரித்துவிட்டாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பும்போதும் டோகா. இந்த முறை கண்ணை மூடவில்லை. கட்டடங்களெல்லாம் கண்ணாடி பூட்டி விளக்குப் போட்டு நின்றன. எது அவனுடையது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

வந்த பிறகு பர்வினைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். அதிகாரியிடம் தகட்டையும் சொன்னேன், வாளியையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சொன்னவரின் பெயர்?" என்றார். நான் சொல்லவில்லை. "அப்படியென்றால் இது கேள்விப்பட்டது மட்டும்தான்" என்று கோப்பை மூடினார். பொதுப் பெட்டி எல்லோருடைய நன்கொடை, கேள்விப்பட்டதற்கெல்லாம் கொடுக்க முடியாதுதான். அவர் சொன்னதில் பிழை இல்லை. கம்பனிக்காரன் மட்டும் எழுதினான், அதை நம்பினார்கள். பஸ்ஸில் பர்வின், "வாளி வந்து சாட்சி சொல்லுமா மாமி" என்றாள். அதன் பிறகு அவள் கோரிக்கையைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை.

லா சப்பலில் நம் பேச்சு இருக்கிறது, நம் மரக்கறி இருக்கிறது. நம் ஊரில் கேட்கும் சத்தமெல்லாம் அங்கேயும் கேட்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வருசத்தைத் தன் வாழ்க்கையிலிருந்து வெட்டிப்போட்டுவிட்டு நிற்கிறார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. என் மகனின் கடைசி நாள் அப்படி வெட்டிப்போட்ட ஒரு வருசத்துக்குள் கிடக்கிறது.

மலர்க் குழுவில் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். இதில் தெருப் பெயர், ரயில் நிறுத்தம், முருங்கைக்காய் விலை எல்லாம் சரியா என்று பார்த்துத் திருத்திப் போடுங்கள். தக்காஃபுல் பற்றி நான் எழுதியதையும் விவரம் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். பெயர் சொல்லாத சாட்சிக்கு எங்கேயாவது வழி இருந்தால் பர்வினிடம் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தம்பியைப் பற்றி எழுதியதை மட்டும் ஒருவரும் சரிபார்க்க வேண்டாம். அவன் ஊரையும் வேலையையும் இருக்கிற இடத்தையும் நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். வாளியை மட்டும் மாற்றவில்லை.